நான்குவழிச்சாலையில் அடாப்டிவ் குரூஸ்: எங்கே போடலாம், எங்கே அணைக்கணும்

உங்கள் காரில் உள்ள அடாப்டிவ் குரூஸுக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான். அதே தடத்தில், அதே திசையில் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைப் பிடித்துக்கொண்டு, இடைவெளி விட்டு அதன் பின்னாலேயே போகும். முன்னால் வண்டி இல்லையென்றால் நீங்கள் வைத்த வேகத்துக்குப் போகும். ஓரத்தில் நிற்கும் லாரி, மீடியன் இடைவெளியில் குறுக்கே பாயும் பைக், எதிர்த்திசையில் ஓரமாக வரும் டிவிஎஸ் எக்ஸ்எல், கண்மாய்க்கரையிலிருந்து ரோட்டுக்கு ஏறும் எருமை எல்லாம் அதன் பாடத்திட்டத்தில் இல்லை. சில நேரம் கண்டுகொள்ளும், சில நேரம் கண்டுகொள்ளாது. அந்தச் 'சில நேரம்' எது என்று தெரிந்துவைத்திருப்பவர்தான் இதை நம்பிப் போடலாம்.

2021-இல் இந்த வசதியோடு மஹிந்திரா எக்ஸ்யூவி 700 வந்தது. 2023-இல் வெர்னா, ஹாரியர், செல்டோஸ், 2024-இல் கிரெட்டா என்று நடுத்தர விலை வண்டிகளின் மேல் ரகங்களிலும் இந்த வசதி வந்துவிட்டது. ஷோரூமில் டெலிவரி எடுக்கும்போது பத்து நிமிடத்தில் பட்டனைக் காட்டிவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். மீதியை ரோட்டில்தான் கற்க வேண்டியிருக்கிறது. ஆனால் இது ரோட்டில் தடுக்கி விழுந்து கற்கிற பாடமில்லை.

நிற்கிற வண்டியை ஏன் விட்டுவிடுகிறது?

பெரும்பாலான கார்களில் முன் பம்பருக்குள்ளோ கம்பெனி முத்திரைக்குப் பின்னாலோ ஒரு ரேடாரும், கண்ணாடியின் மேல்பகுதியில் உள்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமராவும் இருக்கும். சில கார்களில் கேமரா மட்டுமே. ரேடார் 76 முதல் 77 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அலையை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியிலிருந்து தூரத்தையும் வேகத்தையும் கணக்கிடுகிறது. எதிரில் உள்ள பொருள் எவ்வளவு வேகமாக நெருங்குகிறது அல்லது விலகுகிறது என்பதை அது துல்லியமாகச் சொல்லும்.

சிக்கல் இங்கேதான். நீங்கள் 100 கி.மீ. வேகத்தில் போகும்போது மைல்கல், பெயர்ப்பலகை, மீடியன் கம்பி, மேம்பாலத்தின் அடிப்பாகம் என அசையாத எல்லாமே உங்களை நோக்கி 100 கி.மீ. வேகத்தில் வருவதாகத்தான் ரேடாருக்குத் தெரியும். அது எல்லாவற்றுக்கும் பிரேக் போட்டால் பலகைக்குப் பலகை வண்டி நிற்கும். அதனால் 'தரையோடு ஒட்டிய பொருள்' என்று தோன்றுவதை மென்பொருள் கழித்துவிடுகிறது. பழுதாகி நிற்கும் லாரியும் அந்தக் கழிவில் போய்விடக்கூடும். கேமரா சரிபார்த்து ஓரளவு காப்பாற்றும். ஆனால் இரவில், பின்விளக்கு எரியாத டிப்பர் என்றால் கேமராவின் கையும் கட்டப்பட்டதுதான்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. நீங்கள் ஒரு ஆம்னி பஸ்ஸைப் பின்தொடர்கிறீர்கள். அதற்கு முன்னால் ஒரு டிராக்டர் நிற்கிறது. பஸ் டிரைவர் கடைசி நொடியில் ஸ்டியரிங்கை ஒடித்து விலகுகிறார். உங்கள் காரைப் பொறுத்தவரை முன்னால் இருந்த வண்டி போய்விட்டது, பாதை காலி. எனவே வேகத்தைக் கூட்ட ஆரம்பிக்கும், டிராக்டரை நோக்கி. பெரிய வண்டிக்குப் பின்னால் குரூஸ் போட்டுப் போனால் அதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, காருக்கும் தெரியாது. அந்த மாதிரி நேரத்தில் தடம் மாறி முன்னே செல்லுங்கள், அல்லது இடைவெளியை அதிகபட்சத்தில் வைத்து காலைப் பிரேக்குக்கு எதிரே வையுங்கள்.

பிரேக்கின் பலமும் அளவோடுதான். அடாப்டிவ் குரூஸ் நெடுஞ்சாலை வேகத்தில் மெதுவாகத்தான் பிடிக்கும். ஒவ்வொரு நொடியிலும் வேகத்தை நொடிக்குச் சுமார் 3.5 மீட்டருக்கு மேல் குறைக்காது. உங்கள் கால் முழுதாக மிதித்தால், காய்ந்த ரோட்டில் அந்தக் குறைப்பு நொடிக்கு 8 மீட்டருக்கு மேல் போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 கி.மீ. வேகத்திலிருந்து குரூஸ் மட்டும் நிறுத்தினால் சுமார் 110 மீட்டர், முழு பிரேக்கில் 50 மீட்டருக்குள். 80 கி.மீ.யில் இதே கணக்கு 70 மீட்டரும் 31 மீட்டரும். 'பிரேக் பிடிக்கவும்' என்று திரை சிவந்து பீப் அடித்தால், இனி என்னால் முடியாது என்று கார் உங்களிடம் கைவிரிக்கிறது என்று பொருள். அவசர பிரேக் வசதி தனியாக இருக்கிறதே என்று கேட்கலாம். அது அடியின் வேகத்தைக் குறைக்க வைத்த கடைசித் தடுப்பு. எல்லா வேகத்திலும் முழுதாக நிறுத்தும் என்று கொள்ளக் கூடாது.

முதல்முறை போடுவது

மேனுவலைத் திறந்து மூன்று விஷயத்தை மட்டும் முதலில் பாருங்கள்: எந்த வேகத்துக்கு மேல் இயங்கும், முழுதாக நின்றபின் தானாகக் கிளம்புமா, எந்தச் சூழலில் தானே அணைந்துவிடும். வண்டிக்கு வண்டி இது மாறும். சிலவற்றில் 30 கி.மீ.க்குக் கீழே இறங்கினால் குரூஸ் கைவிட்டுவிடும். நெரிசலில் முன்வண்டி நின்றால் நீங்கள்தான் நிறுத்த வேண்டும். நண்பரின் காரில் பார்த்ததை உங்கள் காருக்குப் பொருத்திவிடாதீர்கள்.

ஞாயிறு காலை, வெளிச்சம் வந்த பிறகு, மதுரையிலிருந்து போகும் தூத்துக்குடி சாலையில் காரியாபட்டி தாண்டிய பகுதியோ, திருச்சி சாலையில் மேலூர் தாண்டிக் கொட்டாம்பட்டி வரையிலான பகுதியோ பழகுவதற்கு ஏற்றது. இடது தடத்தில் 60 கி.மீ.க்கு வாருங்கள். குரூஸ் பட்டனை அழுத்தினால் திரையில் சின்னம் வெள்ளையாகவோ சாம்பலாகவோ தெரியும். தயார் நிலை அது. 'செட்' அழுத்தினால் சின்னம் பச்சையாகி, வேகமும் பக்கத்தில் வரும். பிறகு இடைவெளி பட்டனை அழுத்தி, சின்னக் காருக்குக் கீழே உள்ள கோடுகள் எல்லாம் நிரம்பும்வரை கூட்டுங்கள். காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுங்கள்.

இங்கே ஒன்றை உறுதி செய்ய வேண்டும். சில கார்களில் இடைவெளி பட்டனை நீண்ட நேரம் அழுத்தினால் சாதாரண குரூஸுக்கு மாறிவிடும். சாதாரண குரூஸுக்கு முன்வண்டி என்ற ஒன்றே தெரியாது, 80 என்றால் 80-தான், லாரிக்குள்ளேயே போகும். திரையில் வேகம் மட்டும் தெரிந்து கார்ப் படமும் கோடுகளும் தெரியவில்லை என்றால் உடனே பிரேக்கைத் தொட்டு அணையுங்கள்.

முன்னால் மெதுவாகப் போகும் வண்டி ஒன்றை நெருங்கும்போது, எந்தத் தூரத்தில் கார் அதைப் பிடிக்கிறது, எவ்வளவு தாமதமாகப் பிரேக் போடுகிறது என்று கவனியுங்கள். உங்கள் கால் 'இப்போது மிதித்திருப்பேனே' என்று துடிக்கும் நேரத்துக்குப் பின்னாலும் கார் காத்திருந்தால், அந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள். பிரேக்கை லேசாகத் தொட்டு அணைப்பதையும், 'கேன்சல்' பட்டனில் அணைப்பதையும் பார்க்காமலே செய்யும் அளவுக்குப் பத்து முறையாவது பழகுங்கள். விரல் தேடும் அந்த ஒரு நொடியில் 100 கி.மீ. வேகத்தில் 28 மீட்டர் போய்விடும்.

கால் எங்கே இருக்கணும் என்பதில் சமரசம் வேண்டாம். குதிகால் தரையில், பாதம் பிரேக் பெடலுக்கு நேர் எதிரே, தொடாமல். பெடல் மேலேயே வைத்தால் லேசாக அழுந்திக் குரூஸ் அணைந்துகொண்டே இருக்கும், பிரேக் விளக்கும் வீணாக எரியும். சம்மணமிட்டோ, ஒரு காலை சீட்டுக்கு அடியில் மடக்கியோ உட்காருவது நீண்டதூரப் பயணத்தில் சுகமாகத்தான் இருக்கும். அந்தச் சுகத்துக்காக யாரும் குரூஸைத் தயாரிக்கவில்லை. இன்னொன்று: ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டிருக்கும் வரை குரூஸ் பிரேக் போடாது. ஓவர்டேக்குக்கு மிதித்துவிட்டுக் காலை அங்கேயே மறந்து வைப்பவர்கள் உண்டு.

இடைவெளியைக் குறைக்கச் சொல்லும் நம்மூர் ரோடு

குறைந்த கோடு என்றால் பொதுவாக 1 நொடியை ஒட்டி இருக்கும், நிறைந்த கோடு 2 நொடிக்கும் மேல். 80 கி.மீ. வேகத்தில் 1 நொடி என்றால் 22 மீட்டர், 2 நொடி என்றால் 44 மீட்டர். முன்வண்டி ஒரு மைல்கல்லைக் கடந்ததும் 'ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு' என்று எண்ணுங்கள். முடிக்கும் முன்பே நீங்கள் கல்லைத் தாண்டினால் இடைவெளி போதாது.

நிறைந்த கோட்டில் வைத்தால் நடுவில் ஒருவர் நுழைவார், நிச்சயம். அவர் நுழைந்ததும் கார் பிரேக் போடும், அடுத்தவர் நுழைவார், மறுபடி பிரேக். இதில் எரிச்சலாகி இடைவெளியைக் குறைத்துவிடுகிறார்கள். தப்பு. வண்டிகள் நெருக்கமாகி அடிக்கடி நுழைகிற நிலைமை வந்தால் குரூஸை அணைத்துவிட வேண்டும். குறுக்கே நுழையும் வண்டியின் முக்கால் பாகம் உங்கள் தடத்துக்குள் வந்த பிறகே பல கார்கள் அதைக் கணக்கில் எடுக்கும். நீங்கள் அதன் இண்டிகேட்டரையும் முன்சக்கரத் திருப்பத்தையும் முன்பே பார்த்துவிடுவீர்கள். ஆகவே நுழைவதற்கான அறிகுறி தெரிந்ததும் பிரேக்கைத் தொடுவது உங்கள் வேலை. பின்னால் ஒட்டி வருபவரையும் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள். கார் திடீரென்று பிடிக்கும்போது அவர் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

கம்பி ஏற்றிய லாரிக்குப் பின்னால் தனி எச்சரிக்கை தேவை. சிவப்புத் துணி கட்டிய கம்பி பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். ரேடார் பெரும்பாலும் லாரியின் உடலைத்தான் பிடிக்கிறது, கம்பி நுனியை இல்லை. நெரிசலில் குரூஸ் நிறுத்தும் தூரம் சில மீட்டர்தான் என்பதால் கம்பி உங்கள் பானட்டுக்கு மேலேயே வந்து நிற்கக்கூடும். வைக்கோல், கரும்பு, பருத்தி ஏற்றிய டிராக்டருக்கும் இதே கதை. பைக்கோ வேறு மாதிரி. சிறிய உருவம், தடத்தின் ஓரத்தில் ஓடும், அதனால் பிடிபடுவதும் நழுவுவதுமாக இருக்கும். முன்னால் பைக் போகிறது என்றால் காலைத் தயாராக வையுங்கள். திரையில் கார்ப் படம் தெரிந்தாலும் அதையே சாட்சியாகக் கொள்ள வேண்டாம்.

அணைக்க வேண்டிய இடங்கள்

டோல்கேட். கப்பலூர், எலியார்பத்தி, சிட்டம்பட்டி, கொடைரோடு, எதுவானாலும் பலகை தெரிந்த உடனே, அரை கிலோமீட்டருக்கு முன்பாகவே அணையுங்கள். 100-இல் வந்து நிற்கும் வரிசையைச் சந்திப்பது என்பது மேலே சொன்ன நிற்கும் வண்டிச் சிக்கல்தான். குறுக்குக் கம்பத்தை அது பார்க்கும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். டோல் தாண்டியதும், விட்ட இடத்திலிருந்து குரூஸைத் தொடரச் செய்யும் 'ரெஸ்' பட்டனை அழுத்துபவர்கள் ஒரு விஷயத்தை மறக்கிறார்கள்: அது பழைய வேகத்தை நினைவில் வைத்திருக்கிறது. எட்டுப் பத்து வரிசை இரண்டாகச் சேரும் அந்தக் குறுகலில் கார் 100-ஐ நோக்கிப் பாயும். கையாலேயே 60, 70-க்கு ஓட்டி, தடம் பிரிந்து சீரான பிறகு 'செட்' அழுத்துங்கள். 'ரெஸ்' பட்டனே இல்லை என்று நினைத்து ஓட்டுவது நல்ல பழக்கம்.

வரிசையில் ஊர்ந்து போகும்போது தானாக நின்று கிளம்பும் வசதி கைகொடுக்கும். ஆனால் பல கார்களில் நின்ற சில நொடிகளுக்குள் முன்வண்டி நகர்ந்தால் இதுவும் தானாகக் கிளம்பிவிடும். வெள்ளரிப்பிஞ்சு, பனங்கிழங்கு விற்பவர் இரு வண்டிக்கும் நடுவே புகுந்து போகிற ஊர் இது. நின்றதும் பிரேக்கை மிதித்து நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

மீடியன் இடைவெளி. இதில் ஒரு பொறி இருக்கிறது. வலது இண்டிகேட்டர் போட்டால் ஓவர்டேக் செய்யப்போகிறீர்கள் என்று எண்ணி, சில கார்கள் தடம் மாறும் முன்பே கொஞ்சம் வேகத்தைக் கூட்டும். நீங்களோ யூ-டர்ன் எடுக்க அல்லது கிராமத்துக்குத் திரும்ப இண்டிகேட்டர் போட்டிருப்பீர்கள். முன்வண்டியும் அதே இடத்தில் மெதுவாகிக்கொண்டிருக்கும். இண்டிகேட்டருக்கு முன் குரூஸை அணையுங்கள், எப்போதும் அந்த வரிசையில்தான்.

இடது பக்கம் பெட்ரோல் பங்க்குக்கோ சர்வீஸ் ரோட்டுக்கோ முன்வண்டி பிரிந்துபோகும்போதும் கார் வேகமெடுக்கும். திருமங்கலம், கள்ளிக்குடி போல ஊர்கள் ஒட்டிய பகுதிகளில் பஸ் நிறுத்தமும், ரோட்டைக் கடக்கும் ஆட்களும் அந்த இடத்திலேயே இருப்பார்கள். அறுவடைக் காலத்தில் சாலையோரத் தடத்திலேயே தானியம் காயப்போட்டு, சுற்றிலும் கல் வைத்திருப்பார்கள். கல்லும் தெரியாது, குனிந்து கிளறுகிறவரும் அதன் கணக்கில் வரமாட்டார். போலீஸ் வைத்திருக்கும் இரும்புத் தடுப்பும் அப்படியே.

மேம்பாலத்தின் உச்சி. ரேடாரும் கேமராவும் நேராகத்தான் பார்க்கும், இறக்கத்தை வளைந்து பார்க்காது. உச்சியைத் தாண்டியதும் கீழே நெரிசல் நிற்கலாம். 7.3 கி.மீ. நீளமுள்ள நத்தம் சாலை மேம்பாலத்தைப் பார்த்ததும் குரூஸ் போடக் கை துடிக்கும். முடிவில் இறங்குவது தல்லாகுளம் பக்க நெரிசலுக்குள் என்பதை நினைவில் கொள்ளுங்கள். ரிங் ரோட்டிலும் நகருக்குள்ளும் வேண்டவே வேண்டாம். கோரிப்பாளையத்திலோ காளவாசலிலோ இதைப் போடுபவருக்கு நாம் சொல்ல ஒன்றுமில்லை.

வளைவு. ரேடாரின் பார்வை தொலைவில் குறுகிய கூம்பு போல இருக்கும். வளைவில் முன்வண்டி அந்தக் கூம்பை விட்டு விலகினால் கார் வேகமெடுக்கும், பக்கத்துத் தடத்து லாரி உள்ளே வந்தால் காரணமில்லாமல் பிரேக் போடும். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் அணைத்துவிடுங்கள். சிறுமலை, கொடைக்கானல் மலைப்பாதைகளில் யோசிக்கவே வேண்டாம். அங்கே கியரும் உங்கள் காலும்தான்.

பரமக்குடியைத் தாண்டி இராமநாதபுரம் பக்கம் போகும் இருவழிச்சாலை போன்றவற்றில் எதிர்வரும் வண்டி ஓவர்டேக் செய்து உங்கள் தடத்துக்குள் வந்தால் குரூஸ் எதுவும் செய்யாது. தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகும் நாள்களில், நத்தம், திண்டுக்கல் சாலைகளில் இரவெல்லாம் ஓரத்தில் கூட்டமாக நடப்பார்கள். அந்த நாள்களில் நான்குவழியாக இருந்தாலும் கையால் ஓட்டுவதே சரி.

வெயிலும் மழையும்

மாலையில் தேனி சாலையில் மேற்கே போகும்போதும், காலையில் இராமேசுவரம் சாலையில் கிழக்கே போகும்போதும் சூரியன் நேராகக் கேமராவில் விழும். உங்களுக்குக் கண் கூசினால் அதற்கும் கூசும். மார்கழிப் பனியில் ரேடார் ஓரளவு பார்க்கும், கேமரா பார்க்காது. இரண்டும் ஒத்துப்போகாதபோது குரூஸ் சொல்லாமல் கொள்ளாமல் அணையலாம், அல்லது தாமதமாகப் பிடிக்கலாம். கனமழையில் ரோட்டில் நீர் நின்றிருக்கும்போது பிரேக் தூரமே நீள்கிறது. குரூஸின் கணக்கு அதை முழுதாக எடுத்துக்கொள்ளாது. வைப்பரை வேகமாக வைக்க வேண்டிய மழை என்றால் குரூஸை அணைக்க வேண்டிய மழை.

மழைக்குப் பிறகு திருமங்கலம், விருதுநகர் பக்கம் கிராமத்துப் பாதையில் இறங்கி ஏறினால் கரிசல் சேறு பம்பரில் அப்பிக்கொள்ளும். 'முன் ரேடார் மறைக்கப்பட்டுள்ளது' என்ற அறிவிப்புக்குப் பாதிக் காரணம் இதுதான். வண்டியை ஓரங்கட்டி, ஈரத்துணியால் துடைத்தால் சில நிமிடங்களில் சரியாகிவிடும். காய்ந்த துணியால் அழுத்தித் தேய்க்காதீர்கள், மூடியில் கீறல் விழும். வாட்டர் சர்வீஸில் அழுத்தக் குழாயை அந்த இடத்தில் நெருக்கிப் பிடிக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். அந்தி நேரத்தில் பூச்சிகள் கண்ணாடியில் அடித்து ஒட்டும். கேமராவுக்கு நேர் மேலே இருந்தால் வாஷர் நீரோடு வைப்பர் ஓட்டுங்கள், போகவில்லையென்றால் இறங்கித் துடையுங்கள்.

பூஜைக்குப் பின்னும் ஒரு சோதனை வேண்டும். புது வண்டியைப் பாண்டி கோயிலில் நிறுத்திப் பூஜை போட்டு, முத்திரை மேல் சந்தனம் குங்குமம் வைத்து மாலை சாத்துகிறோம். ஆயுத பூஜைக்கு முன்பக்கம் வாழைக்கன்று கட்டுகிறோம். முத்திரைக்குப் பின்னால் ரேடார் உள்ள காரில் ஈரமான மாலையும் காய்ந்து கெட்டியான சந்தனமும் அலையைத் தடுக்கும். பூஜை முடிந்ததும் கழற்றி, துடைத்துவிட்டு நெடுஞ்சாலைக்குப் போங்கள். எலுமிச்சை மிளகாயைக் கட்டுவதென்றால் பம்பரின் ஓரத்தில், ரேடாருக்கு நேரே இல்லாமல். கிரில் மேல் இரும்புக் கம்பித் தடுப்பு, கூடுதல் விளக்கு, பெரிய நம்பர் பிளேட் ஃப்ரேம் எல்லாம் ஆபத்தே. ஃபாஸ்டாக் ஸ்டிக்கர், கண்ணாடியில் தொங்கும் பொம்மை, கறுப்பு ஃபிலிம் எதுவும் கேமராவின் முன் வரக் கூடாது.

பம்பரில் இடிபட்டு பட்டி போட்டுப் பெயிண்ட் அடித்தாலும், முன்கண்ணாடியை மாற்றினாலும் காலிபிரேஷன், அதாவது ரேடாரும் கேமராவும் நேராகப் பார்க்கும்படி சரிசெய்வது, செய்ய வேண்டும். ரேடார் ஒரு டிகிரி திரும்பினால்கூட நூறு மீட்டர் தள்ளி அதன் பார்வை 1.7 மீட்டர் விலகும், பக்கத்துத் தடத்து வண்டியை உங்கள் முன்வண்டி என்று எண்ணிவிடும். வெளியில் பம்பர் வேலை செய்தால் குறைந்த செலவில் முடியலாம், ஆனால் ரேடாருக்கு முன்னால் தடிமனாகப் பூசிய பட்டியும் உலோகத்துகள் கலந்த பெயிண்டும் அலையை மங்கச் செய்யும். பில்லில் காலிபிரேஷன் செய்ததாக எழுதித் தரச் சொல்லுங்கள். எடுத்து வந்த பிறகு, பகலில், காலியான நேரான ரோட்டில், 60 கி.மீ.யில் முதல் நாள் சோதனையை மறுபடி செய்து பாருங்கள்.

ஆக்டிங் டிரைவரிடம் வண்டியைக் கொடுப்பதானால், அவருக்கு இந்த ரகம் பழக்கமா என்று கேளுங்கள். பழக்கமில்லையென்றால் குரூஸை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் அந்தப் பட்டன்களைத் தொட வேண்டாம் என்று காட்டுங்கள். தவறிப்போய் அழுத்திவிட்டால் பிரேக்கைத் தொட்டால் அணைந்துவிடும் என்பதையும் சாவியோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.